கடல் ஏறுகிறது, வரைபடம் யாரிடம் இருக்கிறது?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'கடல் மட்ட உயர்வும் அரசின் திட்டமிடலும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு தோழர் வாசலிலேயே கேட்டார்: "இது மீனவர் பிரச்சனைதானே, நமக்கு இதுல என்ன இருக்கு?" அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். ஏனென்றால் அரசாங்கமும் அப்படித்தான் நினைக்கிறது. கடற்கரை என்றால் மீனவர், மீனவர் என்றால் படகு, படகு இருந்தால் பதிவு, பதிவு இருந்தால் நிவாரணம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியிலும் நாம் இல்லை. ஆனால் கடலோர மாவட்டங்களில் நாம் இருக்கிறோம். மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் உப்பளத்தில் வெயிலில் நிற்பது யார்? நாகப்பட்டினத்துக் கடைமடையில் நாற்று நடுவது யார்? முகத்துவாரத்தில் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

2004 டிசம்பர் 26 நமக்கு இதைத் தெளிவாகக் காட்டியது. சுனாமியில் தமிழ்நாட்டில் இறந்தவர்களில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான். மீனவ மக்களின் இழப்பு மிகப் பெரியது, அதில் இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது? முகாமில் தலித்துகள் தனியாக ஒதுக்கப்பட்டார்கள், சில இடங்களில் உள்ளேயே விடப்படவில்லை. பிணம் தூக்க மட்டும் நம்ம ஆட்கள் வேண்டியிருந்தார்கள். நிவாரணம் படகுக்கு, வலைக்கு, எந்திரத்துக்கு. கருவாடு சுமந்தவளுக்கு, ஐஸ் உடைத்தவனுக்கு, உப்பு படிந்த வயலில் இனி கூலி கிடைக்காதவனுக்கு என்ன? 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்கே ஒரு சொத்துத் தகுதி வைத்திருந்தார்கள். மனித உரிமை அமைப்புகள் இதையெல்லாம் அப்போதே பதிவு செய்திருக்கின்றன.

சுனாமி ஒரு நாளில் வந்தது. இப்போது நாம் பேசுவது மெதுவாக வருகிற ஒன்று. மெதுவாக வருவதற்கு முன்கூட்டியே திட்டம் போடலாம். திட்டம் போடுவதற்குத் தகவல் வேண்டும். அந்தத் தகவல் யாரிடம் இருக்கிறது, எந்த மொழியில் இருக்கிறது, யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

முதலில் கணக்கு. ஐ.நா.வின் ஐபிசிசி குழு 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. முக்கியமானது வேகம். 2006 முதல் 2018 வரையிலான காலத்தில் ஆண்டுக்கு 3.7 மி.மீ. இந்த நூற்றாண்டு முடிவில், புகையை ரொம்பவும் குறைத்தால் 28 முதல் 55 செ.மீ., குறைக்காமலே போனால் 63 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை உயரலாம் என்கிறார்கள்.

"மூணு மில்லிமீட்டர்தானே, அரிசி மணி அளவு கூட இல்லையே" என்று சிரிப்பார்கள். 2019இல் நாடாளுமன்றத்தில் ஒரு பதில் கொடுத்தார்கள்: சென்னையில் ஆண்டுக்கு 0.33 மி.மீ. மட்டுமே என்று. அது 1916 முதல் 2005 வரையிலான கணக்கு. சமீப ஆண்டுகளின் வேகம் அதில் இல்லை. ஒரே எண்ணை எடுத்துக் காட்டி, அது எந்தக் காலத்தின் எண் என்பதைப் பேசாமல் விட்டால் பொய் சொல்லாமலே ஏமாற்ற முடியும். நம் மாணவர்கள் எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்பதுதான்.

அது மட்டுமில்லை. கடல் உயர்வது என்றால் அலை வந்து வீட்டுக் கதவைத் தட்டுவது என்று மட்டும் நினைக்காதீர்கள். நமக்கு அது மூன்று வழியாக வருகிறது.

ஒன்று, கரை அரிப்பு. சென்னையில் இருக்கிற தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்ததில், தமிழ்நாட்டுக் கரையில் 42 சதவீதத்துக்கு மேல் அரிப்பில் இருக்கிறது. இதற்குக் காரணம் கடல் மட்டம் மட்டும் என்று சொல்லக் கூடாது. துறைமுகம் கட்டுகிறார்கள், கல் கொட்டுகிறார்கள், அணை கட்டி மணல் வராமல் தடுக்கிறார்கள். ஒரு ஊரைக் காப்பாற்றக் கொட்டிய கல் வடக்கே உள்ள அடுத்த ஊரைத் தின்கிறது. கடல் உயர உயர இது மோசமாகும்.

இரண்டு, வடிகால். மழைத் தண்ணீர் கடலுக்குப் போக வேண்டுமானால் கடல் தாழ்ந்து இருக்க வேண்டும். ஏற்றம் இருக்கிற நேரத்தில் ஆறும் வாய்க்காலும் திரும்பி நிற்கும். டெல்டாக் கடைமடைக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீர் எங்கே நிற்கும்? பள்ளத்தில். பள்ளத்தில் இருப்பது எது? ஊர் மேட்டில் இருக்கிறது, சேரி பள்ளத்தில் இருக்கிறது. நூற்றாண்டுகளுக்கு முன்னால் சாதி போட்ட மட்டக்கோடு அது. எந்தப் பொறியாளரும் அளவெடுக்காமலே அவ்வளவு துல்லியமாகப் போட்டிருக்கிறார்கள்!

மூன்று, நிலத்தடி நீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடலோரத்தில் நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் இலேசு. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. அப்படியானால் மேலே ஒரு அடி குறைந்தால் கீழேயிருந்து 40 அடிக்கு உப்பு ஏறி வரும். கடல் உயர்ந்தாலும் இது நடக்கும், மேலே மோட்டார் வைத்து உறிஞ்சினாலும் நடக்கும். இரண்டும் சேர்ந்து நடந்துகொண்டிருக்கிறது. ஊரில் ஆழ்குழாய் போட வசதி இருக்கிறவன் இன்னொரு இடத்தில் போட்டுக்கொள்வான், இல்லையென்றால் கேன் தண்ணீர் வாங்குவான். காலனிக்கு இருப்பது ஒரு கைப்பம்பு. கீழத்தஞ்சைப் பக்கம் ஒரு காலனியில் வயசான அம்மா ஒருத்தர் சொன்னார்: "முன்னெல்லாம் கோடையில மட்டும் கரிக்கும், இப்ப ஐப்பசியிலயும் கரிக்குது தம்பி." இதைவிட நல்ல கண்காணிப்பு அறிக்கை எந்த அலுவலகத்தில் இருக்கிறது? ஆனால் அந்த அம்மாவிடம் யாரும் வந்து எழுதிக்கொண்டு போனதில்லை.

நிலம் உப்பாவது டெல்டாவுக்குப் புதிதும் இல்லை. தொண்ணூறுகளில் நாகைப் பக்கம் நெல் வயலை வாங்கி இறால் பண்ணை வெட்டினார்கள். கடல் தண்ணீரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பக்கத்து வயல் கெட்டது, கிணறு கெட்டது, நிலமில்லாத தலித் கூலிக்காரர்களுக்கு வேலை போனது. போராடினார்கள், வழக்கும் நடந்தது. 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் பண்ணை கூடாது, இருப்பவற்றை இடிக்க வேண்டும், வேலை இழந்தவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு? 2005இல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் போட்டுப் பண்ணைகளுக்கு வழி திறந்தார்கள். 2023இல் அதைத் திருத்தி இன்னும் அகலமாகத் திறந்துவிட்டார்கள். தீர்ப்பு நம் கையில் காகிதமாக இருக்கிறது, சட்டம் அவர்கள் கையில் இருக்கிறது.

இப்போது வரைபடத்துக்கு வருகிறேன்.

1991 பிப்ரவரியில் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. உயர் ஏற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு, ஊரகப் பகுதியில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. அந்த 500 மீட்டர் என்பது எல்லா இடத்துக்கும் ஒரே அளவு, மேடு பள்ளம் பார்க்காத அளவு. எனவே 2011இல் வந்த புதிய அறிவிக்கையில் நல்ல விஷயம் ஒன்று சேர்த்தார்கள். ஆங்கிலத்தில் 'ஹசார்ட் லைன்' என்கிறார்கள், நாம் ஆபத்துக் கோடு என்போம். அலை, ஏற்ற இறக்கம், கரை அரிப்பு, கடல் மட்ட உயர்வு, இவ்வளவையும் கணக்கில் எடுத்து, எதுவரை ஆபத்து என்று இந்திய நில அளவைத் துறை கோடு போட வேண்டும். உலக வங்கிக் கடனில், விமானத்திலிருந்து படம் எடுத்து, நாடு முழுக்க வேலை நடந்தது. கோட்டையும் போட்டு முடித்தார்கள்.

முடித்த பிறகு 2019 ஜனவரி 18 அன்று இன்னொரு அறிவிக்கை. ஆபத்துக் கோடு இனி கட்டுப்பாட்டின் பகுதி கிடையாது, பேரிடர் மேலாண்மைக்கான ஒரு கருவி மட்டும். அதே அறிவிக்கையில், சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருக்கிற ஊரகப் பகுதியில் தடை தூரத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தார்கள். கவனியுங்கள் தோழர்களே. ஒரு பக்கம் கடல் உள்ளே வருகிறது என்று கோடி கோடியாகச் செலவு செய்து கண்டுபிடிக்கிறார்கள், இன்னொரு பக்கம் கட்டடத்தைக் கடலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொல்கிறார்கள். அறியாமையில் செய்த தவறென்று இதைச் சொல்ல முடியாது. அறிந்துதான் கோட்டைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள்.

இந்த மாற்றத்துக்கு அடிப்படை, 2014இல் அமைக்கப்பட்ட சைலேஷ் நாயக் குழு. அறிக்கை 2015 ஜனவரியிலேயே கொடுத்தாகிவிட்டது. மக்களுக்குக் காட்டவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கும் மறுத்தார்கள். 2016இல் மத்திய தகவல் ஆணையம் உத்தரவு போட்ட பிறகுதான் வெளியே வந்தது. கடற்கரையில் குடியிருப்பவனுடைய தலையெழுத்தை எழுதிய அறிக்கை, அவனுக்கே இரகசியம்.

எண்ணூர் இன்னும் மோசம். 1996இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த வேறொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை. சுமார் 6500 ஏக்கர் ஈரநிலம் காகிதத்தில் காணாமல் போயிருந்தது என்று அங்குள்ள மக்கள் அம்பலப்படுத்தினார்கள். ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, வரைபடத்தில் ஆறு இல்லை! பஞ்சமி நிலத்துக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் என்று பேசுகிறோம், பதிவேட்டைக் கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான். 1994இல் காரணையில் இரண்டு உயிரைக் கொடுத்த பிறகும் முழுப் பட்டியல் நம் கைக்கு வரவில்லை. நிலத்தை எடுப்பதற்கு முன்னால் ஆவணத்தை எடுப்பது என்பது பழகிய கை.

வரைபடம் கிடைத்தாலும் எந்த மொழியில் கிடைக்கிறது? 2022இல் சென்னை மாநகராட்சி காலநிலைச் செயல்திட்ட வரைவு வெளியிட்டது. 2100க்குள் நகரத்தின் 67 சதுர கிலோமீட்டர், அதாவது 16 சதவீதம், நிரந்தரமாகத் தண்ணீருக்குள் போகலாம் என்று அதில் இருக்கிறது. அவ்வளவு பெரிய செய்தி முதலில் ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. கருத்துச் சொல்லக் கொடுத்த நாளும் குறைவு. கேட்ட பிறகுதான் தமிழில் போட்டு, நாளையும் நீட்டினார்கள். டெல்லியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை 22 மொழிகளில் வெளியிட டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதற்கு, மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை ஓடியது, மொழிபெயர்க்க முடியாது என்று. தகவல் உரிமைச் சட்டம் 4ஆவது பிரிவு, உள்ளூர் மொழியைக் கருத்தில் கொண்டு தகவலைப் பரப்ப வேண்டும் என்கிறது. மக்களைப் பாதிக்கிற கொள்கையை உருவாக்கும்போதே அதற்கான விவரங்களை வெளியிட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. யாரும் கேட்காமலே செய்ய வேண்டிய கடமை இது.

தமிழில் கொடுத்தாலும் போதாது என்று நான் சொல்வேன். 2023இல் கடலோர மேலாண்மைத் திட்ட வரைவு வரைபடங்கள் வந்தபோது மீனவ அமைப்புகள் எதிர்த்தன. வலை காய வைக்கிற இடம், படகு நிறுத்துகிற இடம், மீனவர் குடியிருப்பு இவையெல்லாம் விடுபட்டிருக்கின்றன என்று. நியாயமான எதிர்ப்பு. நாம் கூட நின்றிருக்க வேண்டிய எதிர்ப்பு. ஆனால் நான் இன்னொன்றும் கேட்கிறேன். அந்த வரைபடத்தில் காலனி எங்கே இருக்கிறது? சுடுகாட்டுப் பாதை எங்கே? உப்பளத் தொழிலாளி குடிசை எங்கே? ஆற்றுப் படுகையில் பட்டா இல்லாமல் மூன்று தலைமுறையாக இருப்பவன் எங்கே? பட்டா இல்லை என்பதால் வரைபடத்தில் இல்லை, வரைபடத்தில் இல்லை என்பதால் திட்டத்தில் இல்லை.

தொழில்நுட்பத்திலும் சாதி நுழைகிறது, தெரியுமா? உலக அளவில் பலரும் பயன்படுத்துகிற உயர அளவு விண்வெளியிலிருந்து ராடார் வைத்து எடுத்தது. அது கூரையையும் மர உச்சியையும் தரை என்று எடுத்துக்கொள்ளும், மீட்டர் கணக்கில் பிசகும். 2019இல் அதைத் திருத்திப் பார்த்த ஒரு ஆய்வில், கடலோர ஆபத்தில் இருக்கிற மக்கள் தொகை முன்பு நினைத்ததைப்போல மூன்று மடங்கு என்று தெரிந்தது. ஊருக்கும் சேரிக்கும் இருக்கிற வித்தியாசம் இரண்டு அடி, மூன்று அடி. மீட்டர் கணக்கில் பிசகுகிற கருவிக்கு அது தெரியவே தெரியாது. நேராகப் போய் அளந்தால் தெரியும். அளக்கப் போகிறவன் சேரிக்குள் நுழைய வேண்டும், அதுதான் சிக்கல்.

சரி, திட்டம் என்ற பெயரில் நம்மிடம் வருவது என்ன? பெரும்பாலும் வெளியேற்றம். சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச்சில் போட்ட 172ஆம் அரசாணை, 200 மீட்டருக்குள் இருப்பவர் வெளியே போனால் வீடு இலவசம், போகாவிட்டால் உதவி கிடையாது, விட்டுப் போன இடம் அரசுக்கு என்றது. சென்னையில் அப்படிப் போனவர்கள் எங்கே போனார்கள்? செம்மஞ்சேரிக்கு. கூவம், அடையாறு கரையிலிருந்து 2015 வெள்ளத்துக்குப் பிறகு அகற்றப்பட்டவர்களைப் பெரும்பாக்கத்தில் போய் அடைத்தார்கள். இரண்டும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்ந்த நிலம். அந்தத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். கடல் உயர்ந்தால் முதலில் அடைபடுகிற வழிகளில் அது ஒன்று. வெள்ள ஆபத்து என்று சொல்லி, வெள்ளம் நிற்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அங்கே அடுக்குமாடியில் இருப்பவர்களில் பெரும் பகுதி யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் காலி செய்த ஆற்றங்கரையில் பூங்கா வருகிறது.

இதற்கு மாறான உதாரணம் இருக்கிறதா என்று தேடினால் ஒடிசாவின் சதபாயாவைச் சொல்வார்கள். கேந்திரபாடா மாவட்டத்தில் கடல் தின்ற ஊர்களின் மக்களை அரசே பாகபாட்டியாவில் குடியேற்றியது. நிலத்துண்டும் வீட்டுக்கு உதவியும் கொடுத்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டு மனை கொடுத்தவர்கள் வயலும் வேலையும் கொடுக்கவில்லை. இளைஞர்கள் கேரளாவுக்குக் கூலிக்குப் போகிறார்கள். வேலையைக் கழித்துவிட்டு வீட்டை மட்டும் கணக்குப் போட்டால் இப்படித்தான் முடியும்.

டெல்டாவிலும் பணம் வந்திருக்கிறது. வெண்ணாறு வடிநிலத்தில் காலநிலைத் தகவமைப்பு என்று ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் 10 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு என்று கரையை உயர்த்துகிறார்கள், மதகு கட்டுகிறார்கள். 2023இல் நெய்தல் மீட்சி இயக்கம் என்று மாநில அரசு அறிவித்தது. பெயர் அழகாக இருக்கிறது. கரையை உயர்த்துவதை நான் எதிர்க்கவில்லை, உப்பு ஏறாமல் தடுத்தால் நம் கூலிக்கும் நல்லதுதான். கரை உயர்த்தும்போது கரையில் குடியிருந்தவன் எங்கே போனான், கரைக்கு எந்தப் பக்கம் காலனி நிற்கிறது, மதகு திறக்கிற முடிவு யார் கையில், இதைத்தான் கேட்கிறேன்.

இந்த இடத்தில் அம்பேத்கரை நினைக்க வேண்டியிருக்கிறது. அவரை அரசியல் சட்டத்தோடு நிறுத்திவிடுகிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் துறை. தாமோதர் வெள்ளத்துக்குப் பள்ளத்தாக்கு முழுவதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்று வேலை செய்தவர், மத்திய நீர்வழி ஆணையத்துக்கு வழி போட்டவர். மகாட் குளத்தில் தண்ணீரைத் தொட்ட அதே கை நாட்டின் தண்ணீர்த் திட்டத்தையும் எழுதியது. 'தொழில்நுட்ப விஷயம், உங்களுக்குப் புரியாது' என்று எவனாவது அதிகாரி சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மீனவர்களோடு நமக்கு இருக்கிற கசப்பையும் பேசிவிட வேண்டும். சுனாமி முகாமில் நம்மை ஒதுக்கியது அரசு மட்டுமில்லை. அதை மறைத்துவிட்டு ஒற்றுமை பேசுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதே நேரம் 50 மீட்டரில் சொகுசு விடுதி வந்தால் அவர்கள் குப்பமும் போகும், நம்ம காலனியும் போகும். முகாமில் என்ன நடந்தது என்பதை மேசையில் வைத்துவிட்டு, அதன் மேல் கூட்டு வேலை செய்வோம்.

வேலை என்ன? மாணவர்கள் அதிகம் இருப்பதால் சொல்கிறேன். ஒரு ஊரை எடுங்கள். அந்த ஊருக்கான ஆபத்துக் கோட்டு வரைபடம், கடலோர மேலாண்மை வரைபடம், மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சர்வே எண்ணோடு கேளுங்கள், இல்லையென்றால் இணையத்தில் பார்த்துக்கொள் என்று பதில் வரும். பிறகு அந்தக் காலனிக்குப் போய், எந்த மழையில் எந்த வாசல் வரை தண்ணீர் வந்தது, எந்த வருஷம் எந்தக் கைப்பம்பு கரித்தது என்று பெரியவர்களிடம், குறிப்பாகத் தண்ணீர் எடுக்கிற பெண்களிடம், கேட்டு எழுதுங்கள். அரசு வரைபடத்தின் மேல் அதை வரையுங்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இல் 61ஆவது பிரிவு இருக்கிறது. நிவாரணத்தில் சாதி அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பிரிவு நமக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது, ஆனால் அதைக் காட்டி மனு போட்டவர்கள் எத்தனை பேர் இங்கே?

வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைக்கு உங்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். காலனி எங்கே இருக்கிறது, தண்ணீர் எது வரை வருகிறது, கைப்பம்பு எப்போது கரித்தது என்று பெயர், தேதியோடு எழுதட்டும். எழுத மாட்டேன் என்றால், எழுத மறுத்தார் என்பதையும் சேர்த்து மாவட்ட ஆட்சியருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அனுப்பியதற்கான ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.